போர் அடிக்குதுங்க டீச்சர்

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களில் ஆண்டு தவறாமல் வரும் ஒரு வாக்கியம் உண்டு: 'ஐ ஆம் போரிங்.' கோடை விடுமுறையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் போதும். பாட்டி வீட்டுக்குப் போனேன், டிவி இல்லை, ஐ ஆம் போரிங் என்று வந்து நிற்கும். சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுக்கலாம்தான். ஆனால் அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்த்தால், நாம் நாள் முழுக்கப் பேச்சில் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை வெளியே வருகிறது. நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அந்தச் சொல்லை வைத்து வகுப்பில் நான் கண்டதையும், அதனால் என் பாடம் நடத்தும் முறையில் மாறியதையும் எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் அந்தப் பிழை. தமிழில் 'எனக்குப் போர் அடிக்குது' என்கிறோம். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. அந்த வரிசையில் போரும் அடிக்கிறது. எங்கிருந்தோ வந்து நம்மேல் படுகிறது. அதை அடித்தது யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் நம் வாக்கியத்தில் இல்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. சலிப்பைக் கொடுப்பது எது, வாங்குவது யார் என்று சொல்லியே ஆக வேண்டும். கொடுப்பது போரிங், வாங்குவது போர்ட். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு இந்தப் பிரிவு கண்ணில் படுவதே இல்லை.

இலக்கணப் பெயர்களைச் சொல்லி இதை நடத்தினால் ஒருவருக்கும் ஏறாது. நான் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் 'கொடுக்கும்', மறுபக்கம் 'வாங்கும்' என்று எழுதிவிடுவேன். படம் போரிங், பார்த்தவன் போர்ட். கணக்கு கன்ஃப்யூசிங், போட்டவள் கன்ஃப்யூஸ்ட். நடை டயரிங், நடந்தவர் டயர்ட். கதை இன்ட்ரெஸ்டிங், கேட்டவர் இன்ட்ரெஸ்டட். பிறகு, 'ஐ ஆம் போரிங் என்று எழுதினால் நீயே ஊருக்கெல்லாம் அறுவை என்று அர்த்தம்' என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரித்தது மறக்காது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவிஞர் பைரனையும் சொல்லுவேன். 1823இல் வெளிவந்த டான் ஜுவான் காவியத்தின் பதின்மூன்றாம் காண்டத்தில், மெருகேறிய மேல்தட்டுச் சமூகத்தில் இரண்டே பெரிய குலங்கள்தாம் இருக்கின்றன என்கிறார்: போர்ஸ், போர்ட். அறுப்பவர்கள், அறுபட்டவர்கள். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்த பிள்ளை அதன்பிறகு இரண்டையும் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ரிக் வண்டிக்குப் பேர்போனது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் இங்கிருந்து பல மாநிலங்களுக்குப் போகின்றன. வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ அந்த வண்டியில் போயிருப்பார்கள். பொங்கலுக்கு வந்தால் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஏனுங்க டீச்சர், போர் போடறதும் போர் அடிக்கறதும் ஒரே போர்தானுங்களா?"

மிக நல்ல கேள்வி. அதற்கு ஆமாம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. துளையிடுவது என்னும் போர் ஆங்கிலத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது 'போரியன்'. லத்தீனில் துளைப்பதற்கான 'ஃபோராரே' இதற்கு உறவுமுறை. தாளில் வரிசையாக ஓட்டை போடுவதை பெர்ஃபொரேட் என்கிறோமே, அது அந்த லத்தீன் வழியில் வந்தது. ஆனால் சலிப்பு என்னும் பொருளில் போர் வந்தது மிகப் பிந்தி, 1760களில்தான். 1766இல் பெயர்ச்சொல்லாகவும் 1768இல் வினையாகவும் ஆங்கிலேயக் கனவான்களின் கடிதங்களில் தலைகாட்டுகிறது. 1768ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் கார்லைல் பிரபு, நியூமார்க்கெட்டில் இருக்கும் தம் நண்பர்களை அங்கே வரும் பிரெஞ்சுக்காரர்கள் போர் அடிக்கப்போகிறார்களே என்று பரிதாபப்படுகிறார். நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அதே காலத்துக் கடிதங்களில் 'ஃபிரெஞ்சு போர்' என்றே ஒரு தொடர் வருகிறது. பிரெஞ்சுக்காரர்களின் சலிப்பு நோய் என்ற தொனியில்.

அதனால் சிலர் இந்தச் சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். பிரெஞ்சில் 'பூரே' என்றால் திணிப்பது, அடைப்பது. வயிறு முட்டத் திணித்தால் வரும் திகட்டலை நினைத்துப் பாருங்கள். மற்றவர்கள், மெல்ல மெல்ல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் துளைக்கும் கருவியைப் பார்த்துத்தான் இந்தப் பொருள் பிறந்தது என்கிறார்கள். இரண்டில் எதற்கும் கைக்கொள்ளத்தக்க சான்று இல்லை. நல்ல அகராதிகள் மூலம் தெளிவில்லை என்றே எழுதுகின்றன.

இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். சில பிள்ளைகளுக்கு ஏமாற்றம். துளைப்பதுதான் என்று முடித்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஆனால் சொல் ஆராய்ச்சியில் அழகான கதைதான் முதல் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு உதாரணம்: சலிப்பைக் குறிக்கும் 'போர்டம்' என்ற சொல்லை ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்தான் உருவாக்கினார் என்று பல இடங்களில் படிக்கலாம். 1852, 1853இல் தொடராக வந்த அவருடைய பிளீக் ஹவுஸ் நாவலில் டெட்லாக் சீமாட்டி சலித்தே சாகிறாள். அங்கே அந்தச் சொல் வருவதும், அவரால் அது பரவியதும் உண்மை. ஆனால் 1820களின் இறுதியிலேயே அது அச்சில் இருக்கிறது.

ஒரே ஒலி என்பதற்காக ஒரே வேர் என்று நினைத்துவிடவும் கூடாது. கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் கடல் ஏற்றத்தின்போது நீர் சுவர்போல எழும்பி ஆற்றை எதிர்த்து ஏறும். அதற்கும் ஆங்கிலத்தில் போர் என்றுதான் பெயர். அது ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸில் அலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்கிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளே நம் பக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள்: சண்டை போடும் போர், களத்துமேட்டு வைக்கோல்போர், தோட்டத்துப் போர், அடிக்கும் போர். சொல்லின் மூலத்தைத் தேடும் பிள்ளைக்கு நான் மூன்று கேள்விகளைப் பழக்குகிறேன். இந்தப் பொருளில் முதலில் எந்த ஆண்டில் எழுதப்பட்டிருக்கிறது? யார் எங்கே எழுதினார்? அகராதி 'இருக்கலாம்' என்கிறதா, 'இது' என்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

1766க்கு முன்னால் ஆங்கிலேயனுக்குச் சலிப்பே இல்லையா என்றும் கேட்டார்கள். இல்லாமலா. லத்தீனிலிருந்து வந்த 'டீடியஸ்' அதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கும் வெகு முன்னால், நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், துறவிகளை வாட்டும் ஒரு பூதத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கத்தில் அதற்கு அகீடியா என்று பெயர். காலை பத்து மணி வாக்கில் வந்து பிற்பகல் இரண்டு மணி வரைக்கும் விடாது. சூரியன் நகராததுபோல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதுபோல் இருக்கும். துறவி சன்னலைச் சன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பார். பேச யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். நான் இதைப் படித்துக் காட்டியது மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், அவரு நம்ம கிளாஸ்லதான் இருந்திருக்காருங்க" என்றான்.

எனக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்னால், கடவுளுக்கென்று உயிரையே கொடுத்த மனிதர்களுக்கும் பகல் நகரவில்லை. அப்படியிருக்க, பதினான்கு வயதுப் பிள்ளை சன்னலைப் பார்ப்பதைத் திமிர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இனி, என் வகுப்பை உண்மையிலேயே மாற்றிய பயிற்சிக்கு வருகிறேன். 'போர்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அந்த நேரத்தில் உனக்கு என்ன ஆகிறது என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுது என்று ஒருமுறை துண்டுச்சீட்டு கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். முதல் சுற்றில் வந்தவை எல்லாம் அறுவை, ரம்பம், பிளேடு, கடி, மொக்கை. கவனித்துப் பாருங்கள், அத்தனையும் எதிரில் பேசுகிறவர் மேல் பழி போடும் சொற்கள். மொக்கையைத் தவிர எல்லாம் வெட்டுகின்றன, அறுக்கின்றன, கடிக்கின்றன. துளைப்பதிலிருந்து போர் வந்ததென்று நம்ப ஆங்கிலேயருக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பது நமக்கு இதனால் நன்றாகவே புரிகிறது.

இரண்டாம் சுற்றில், ஆசிரியர் மேல் பழி போடாத சொல் வேண்டும் என்றேன். அப்போதுதான் சுரங்கம் திறந்தது. 'அலுப்பா இருக்கு', 'சலிச்சுப் போச்சு', 'பொழுதே போகல', 'தெரிஞ்சதையே சொல்றீங்க', 'தெகட்டிருச்சு', 'பசிக்குது', 'நேத்து ராத்திரி தூங்கல'. ஒரு சீட்டில் சின்ன எழுத்தில் 'ரெண்டு வாரமா ஒண்ணும் புரியல' என்று இருந்தது.

அந்தச் சீட்டை நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். பிள்ளைகள் வாயால் சொன்னபோது இவை அனைத்தும் ஒரே சொல்லாகத்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தன: போர் அடிக்குதுங்க டீச்சர். இந்த ஒரு சொல்லுக்குள் அத்தனையும் பதுங்கியிருந்தன. அலுப்பு உடம்பைச் சேர்ந்தது. அதற்கு எழுந்து நிற்பதும் தண்ணீர் குடிப்பதும் மருந்து. சலிப்பு, செய்ததையே செய்வதால் வருவது. வேலையின் வடிவத்தை மாற்ற வேண்டும். திகட்டல், அளவு மீறியதால் வருவது, குறைத்துக்கொள்ள வேண்டும். பொழுது போகாமை, செய்ய ஒன்றும் இல்லாததால் வருவது. வேலை கொடுக்க வேண்டும். ஜெர்மானியர் சலிப்புக்கு வைத்திருக்கும் 'லாங்கவைல' என்ற சொல்லுக்கும் நீண்ட பொழுது என்றுதான் பொருள். புரியாமைக்கு மருந்து முற்றிலும் வேறு. முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். புரியாத பிள்ளையை விளையாட்டுக் காட்டிச் சிரிக்க வைத்தால் சிரிக்கும், வீட்டுக்குப் போகும், நாளைக்கும் புரியாது. திகட்டிய பிள்ளைக்கு இன்னொரு சுவாரசியமான வீடியோ போட்டால் மேலும் திகட்டும்.

போர் என்ற சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நம் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது. பிள்ளை அதைச் சொல்லும்போது, 'எந்தப் போர், கண்ணு?' என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டிலும் இது வேலை செய்கிறது. லீவு நாளில் வந்து நிற்கும் பிள்ளையிடம், 'அலுப்பா, பொழுது போகலையா, இல்ல பசியா?' என்று கேட்டால் பாதி நேரம் சமையலறையிலேயே விஷயம் முடிந்துவிடும். போனை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

போர் போடும் இடத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கொழுந்தனார் தோட்டத்தில் ராத்திரியில் வண்டி வந்து நின்றது. முதலில் கேசிங் பைப் இறக்கினார்கள், மேல்மண் சரியாமல் இருக்க. அதன்பிறகு கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் ஒரே இரைச்சல், ஒரே தாளம். இருபது அடி ராடு ஒன்று இறங்கும், நிறுத்துவார்கள், அடுத்த ராடைப் பூட்டுவார்கள், மறுபடியும் அதே இரைச்சல். வெள்ளைப் புழுதி எழும்பிக் கொட்டகை, வேப்பமரம், எங்கள் தலை எல்லாவற்றிலும் படியும். ஆள் ஒருவர் அவ்வப்போது குனிந்து, குழியிலிருந்து வரும் தூளைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் தேய்த்துப் பார்ப்பார். நிறம் மாறுகிறதா, ஈரம் தட்டுகிறதா? ராடு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே மொத்தக் குடும்பமும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. உலகத்தில் இதைவிட ஒரே மாதிரியான காட்சி இருக்க முடியாது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை உட்பட ஒருவரும் தூங்கப் போகவில்லை. ஏனென்றால் அடுத்த ராடில் தண்ணீர் வரலாம். அடிக்கு இவ்வளவு என்று காசு இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதை அந்தத் தூளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவரது குழுவினரும் 2012இல் சலிப்புக்குத் தந்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. நிறைவு தரும் ஒரு செயலில் ஈடுபட மனம் விரும்புகிறது, ஆனால் ஈடுபட முடியவில்லை. அந்தத் தவிப்புதான் சலிப்பு என்கிறார்கள். ஒரே மாதிரி இருப்பது மட்டும் சலிப்பைக் கொண்டுவந்துவிடாது. மனம் பற்றிக்கொள்ள ஒரு கேள்வி இல்லாதபோதுதான் அது வருகிறது. அந்த ராத்திரிக்குப் பிறகு, வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் வரிசையாகச் சொல்ல வைக்கும் பழைய பயிற்சியைக் கைவிடாமல், அதற்குள் ஒரு கேள்வியை வைத்தேன். பட்டியலைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்; மூன்று வடிவமும் மாறாமல் வரும் வினை எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கட், புட், ஹிட் வந்ததும் கைகள் உயர்கின்றன. பட்டியல் அதேதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான். ஆனால் இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

கேள்வி வைத்தாலும் தாங்கும் நேரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் எதிரியின் புள்ளியைத் தவறவிட்டதை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், 1948இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள்போல் துள்ளித் துள்ளி நகரும் முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் போடுவதைக் கவனிக்கச் சொன்னார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. படையில் இருந்த ஆட்களுக்கே அரை மணிதான். அதனால் டிக்டேஷன், காப்பி எழுதுவது, படித்துச் சரிபார்ப்பது எதையும் நான் இருபது நிமிடத்துக்கு மேல் இழுப்பதில்லை. விடைத்தாள் திருத்தும்போதும் அப்படியே. ஒரு கட்டு முடிந்தால் எழுந்து போய்விடுவேன். அல்லது எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்திவிட்டு இரண்டாம் கேள்விக்கு வருவேன். மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில் இருக்கிறது, கண்ணும் சோர்வதில்லை. இந்த முறையைச் சக ஆசிரியர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிந்துரைப்பேன்.

'ஒண்ணும் புரியல' என்ற சீட்டை எழுதியது யார் என்று நான் தேடவில்லை. மறுநாள் மொத்த வகுப்புக்கும் அந்தப் பாடத்தை இரண்டு வாரம் பின்னால் போய் மறுபடியும் நடத்தினேன். மூன்று, நான்கு பேர் முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி பீரியட் முடிந்ததும் மேசைப் பக்கம் வந்து, "டீச்சர், நாளைக்கும் இந்தப் பீரியட் உண்டுங்களா?" என்று கேட்டாள்.